கடைசி மூலை

திருகோணமலைத் துறைமுகத்தின் கடல் வரைபடம் தட்டையான தாள்தான். கொட்டியாரக் குடாவில் எங்கே ஆழம், எங்கே மேடு என்பதை அதில் அச்சிட்ட எண்கள் சொல்கின்றன. தாளில் இல்லாத திசையைத் துறைமுகப் பைலட் அந்த எண்களில் படித்துக் கப்பலை உள்ளே கொண்டுவருகிறார். நான்கு பரிமாண ரூபிக் கியூபையும் கணிதம் இப்படித்தான் கையாள்கிறது. பார்க்க முடியாத திசைக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் போதும், திருப்பிப் பார்க்கலாம்.

1988-இல் டான் ஹாட்ச், மெலிண்டா கிரீன் இருவரும் எழுதிய கணினி நிரல் அதன் எட்டுக் கனசதுரங்களில் ஏழை ஒரே நேரத்தில் திரையில் காட்டியது. மொத்தம் 216 நிறச் சில்லுகள். அடையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 121 இலக்கம். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் ஒற்றை மூலைத்துண்டுதான்.

கடையில் வாங்கிய கியூபில் ஒரு மூலையை மட்டும் நெம்பித் திருப்பி வைத்துவிட்டால், பிறகு எப்படிச் சுழற்றினாலும் நிறங்கள் சேரா. ஏன்? ஒரு மூலையை மட்டும் மாற்றக் கைதேர்ந்தவர்கள் நாடும் வழி இது: முதல் மூலையையும் இரண்டாவதையும் திருப்பும் ஒரு சுழற்சித் தொடர், முதலையும் மூன்றாவதையும் திருப்பும் இன்னொரு தொடர். இரண்டையும் செய்துவிட்டு, முதல் தொடரை அவிழ்த்து, அடுத்ததையும் அவிழ்த்தால் இரண்டாம், மூன்றாம் மூலைகள் பழையபடி ஆகிவிடும். முதல் மூலையும் அப்படியே ஆகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். ஓர் அச்சைச் சுற்றி அதற்கு 3 நிலைகளே உண்டு. எதை முன்னால் செய்தாலும் விளைவு ஒன்றே.

நான்கு பரிமாணத்தில் மூலைக்கு நான்கு நிறம், 12 நிலைகள். வரிசை மாறினால் விளைவும் மாறும். அவிழ்த்த பின்னும் ஏதோ மிஞ்சும். ஆனால் நிறங்கள் இரண்டிரண்டாக இடம் மாறும் அளவுக்குத்தான். தனி மூலைக்கு 12-இல் 4 நிலைகள் வாய்க்கும். மற்ற எட்டுக்கும் பழைய தடை நிற்கும்.

ஐந்து பரிமாணத்தில் மூலைக்கு ஐந்து நிறம், 60 நிலைகள். அறுபதும் வாய்க்கும்! தடையே இல்லை.

இதே 60 இயற்கணிதத்திலும் வருகிறது. ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்கு, நான்காம்படி வரை இருப்பதுபோலப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824-இல் கணிதவியலாளர் நீல்ஸ் ஏபெல் நிறுவினார். அதன் ஆழ்ந்த காரணத்தைப் பின்னர் கணிதவியலாளர் கால்வாவின் கோட்பாடு காட்டியது. மூன்று, நான்கு பொருள்களை (சமன்பாட்டில் அவை தீர்வுகள்) இடம்மாற்றி அவிழ்க்கும்போது மிஞ்சுவது படிப்படியாகச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். ஐந்து பொருள்களின் அந்த 60 இடமாற்றங்களில் எதுவுமே சுருங்குவதில்லை. சூத்திரம் தேடியவர்களின் வழியை அடைத்த அதே 60தான் ஐந்து பரிமாணப் புதிரின் கடைசி மூலையை எப்படி வேண்டுமானாலும் திருப்ப விடுகிறது.