நிழலில் கற்கும் பாடம்

பொன்னமராவதி வெயிலைக் குறை சொல்லாதவர் அரியர். ஆனால், அதே வெயில் நம் காலடியில் நாள்தோறும் எழுதிக் காட்டும் சித்திரங்களை நின்று பார்த்தவர் அவரினும் அரியர் என்பதே என் மனத்தாங்கல். சூரியனை நேருக்கு நேர் நோக்கக் கண்ணுக்குச் சக்தி இல்லையாதலால், அதன் விசித்திரங்களை நிழலின் பக்கம் திரும்பித்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

பேருந்துக்குக் காத்திருப்போர் ஒதுங்கும் ஒரு புளியமரத்தடியைப் பாருங்கள். இலைகளின் இடுக்குகள் கோணலும் மாணலுமாக இருக்க, அவற்றின் வழியே இறங்கும் ஒளிப்பொட்டுகள் மட்டும், யாரோ காசுகளைச் சிதறவிட்டாற்போல், வட்ட வட்டமாகக் கிடப்பானேன்? அந்த வட்டம் இடுக்கின் வடிவமன்று, சூரியனுடைய பிம்பம். சூரியன் தன் குறுக்களவைப்போல் ஏறக்குறைய 108 மடங்கு தொலைவில் இருப்பதால், இடுக்கிலிருந்து பத்தடி கடந்து வரும் ஒளி, ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த அகலமுள்ள பொட்டாக விழுகிறது. சாயங்காலத்தில் கிரணங்கள் சாய்ந்து விழ, அந்தப் பொட்டே முட்டை வடிவமாக நீள்கிறது.

இதற்குப் பிரத்தியட்ச சாட்சி 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கிடைத்தது. கங்கண சூரிய கிரகணத்தின் பாதை, கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக வந்து, புதுக்கோட்டைச் சீமையையும் தழுவிக்கொண்டு யாழ்ப்பாணத்தை நோக்கிச் சென்ற அந்தக் காலை வேளையில், மேகம் மறைக்காத ஊர்களிலெல்லாம் மரத்தடிக் காசுகள் அத்தனையும் வளையல்களாயின. இலையும் மாறவில்லை, இடுக்கும் மாறவில்லை. வானத்தில் சூரியன் வளையமானதும் மண்ணில் அதன் பிம்பமும் வளையமாயிற்று. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் கிரகணம் காண அன்று தரையே போதுமாயிருந்தது.

வானவில்லுக்கும் வழிகாட்டி நிழல்தான். காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் கூவும் வெயில்மழை மாலையொன்றில், அமரகண்டான் ஊரணியின் மேல்கரையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உங்கள் தலையின் நிழலைத் தேடுங்கள். வில்லின் மையம் அந்தத் திசையிலேயே இருக்கிறது. அதிலிருந்து 42 பாகை விலகிய இடத்தில் சிவப்பும், 40 பாகையை ஒட்டி ஊதாவும், இடையில் ஏனைய வர்ணங்களும் அமைகின்றன. மழைத்துளிக்குள் புகும் கிரணம் வளைந்து, துளியின் பின்புறத்தில் பிரதிபலித்து, மறுபடி வளைந்து வெளியேறும்போது, ஒவ்வொரு வர்ணமும் தனக்குரிய கோணத்தில் பிரிந்துவிடுவதே இதற்குக் காரணம். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிய பிறகு வில் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடுவதால், உச்சிப்பொழுதில் இங்கே வில் போடுவதில்லை. காலையில் மேற்கிலும் மாலையில் கிழக்கிலுமே போடுகிறது.

இதில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த உண்மை வேறொன்று. ஒரு துளி ஒரு கணத்தில் ஒரு கண்ணுக்கு ஒரே வர்ணத்தைத்தான் அனுப்புகிறது. விழ விழ, அதே துளி சிவப்பிலிருந்து ஊதாவரை தன் முறையைச் செலுத்திவிட்டு மறைகிறது. ஆகையால், கரையில் நிற்கும் தாய் "அதோ பார்" என்று விரல் நீட்டிக் காட்டும் வில் வேறு. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தை காணும் வில் வேறு. அவரவர் தலைநிழலை மையமாகக் கொண்டு அவரவர்க்கென ஒரு வில் வளைகிறது. அடுத்த வெயில்மழையில் குடை தேடி ஓடுவதற்கு முன், உங்கள் வீட்டுக் குழந்தையின் நிழலை அதற்குச் சுட்டிக் காட்டுங்கள். அதற்குரிய வில்லை அது தானே கண்டுகொள்ளும்.