மிதவைப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன்?

சென்ற ஆண்டு, மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், பெங்களூரில் நான் பணியாற்றும் கிளைக்கு இளைஞர் ஒருவர் தம் தந்தையாருடன் வந்தார். காவிரிப் படுகையில் உள்ள நீர்த்தேக்கம் ஒன்றின் கரையில் அவர்கள் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகின்றனர். விருந்தினரை நீரில் அழைத்துச் சென்று காட்ட ஒரு பான்டூன் படகு வாங்க வேண்டும். அதற்குக் கடன் வேண்டும். கையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன. படகு ஒன்றே, எஞ்சின் மட்டும் வேறு. ஒன்றில் 40 குதிரைத்திறன், மற்றதில் 115.

"பெரியதையே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் சார். பின்னால் வருத்தப்படக் கூடாது பாருங்கள்" என்றார் இளைஞர்.

"சின்னதே போதும்பா. வட்டி கட்டப் போவது நாம்தானே?" என்றார் தந்தை.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தனர். நான் வணிகவியல் படித்தவன். படகுகளைப் பற்றி எனக்கு அன்று ஏதும் தெரியாது. ஆயினும், கடன் பரிந்துரையில் கையெழுத்திடுபவன், பணம் எதற்குப் போகிறது என்பதை அறியாமல் கையெழுத்திடலாகாது. அடுத்த சில நாள்களில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, இத்தகைய தொழிலில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மிதப்பின் கணக்கே முதற்கணக்கு

பான்டூன் படகு என்பது, உள்ளே காற்றடைத்த இரண்டு நீண்ட குழாய்களின் மேல் ஒரு தட்டையான தளத்தை அமைத்த மிதவை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரஸ் என்பவர், இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, அவற்றின் மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். இன்றைய பான்டூன் படகுகளுக்கு அதுவே முன்னோடி எனப்படுகிறது. இன்று இரும்புப் பீப்பாய்களின் இடத்தில் அலுமினியக் குழாய்கள் உள்ளன.

இப்படகு எவ்வளவு சுமை தாங்கும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 60 செ.மீ. விட்டமும் 7 மீட்டர் நீளமும் உள்ள ஒரு குழாயின் கன அளவு ஏறத்தாழ 1.98 கன மீட்டர். ஆர்க்கிமிடீசு விதிப்படி, அது முழுவதும் மூழ்கினால் 1,980 கிலோ எடையைத் தாங்கும். இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து 3,960 கிலோ. ஆனால் குழாய்கள் முழுவதும் மூழ்கும்வரை எவரும் சுமை ஏற்றுவதில்லை. பாதியளவு மூழ்குவதையே எல்லையாகக் கொள்வது அறிவுடைமை. எனவே நம் கணக்கில் இருப்பது 1,980 கிலோ மட்டுமே. அதில் படகின் சொந்த எடை 900 கிலோ என்றும், எஞ்சின், எரிபொருள், நங்கூரம் முதலியன 180 கிலோ என்றும் கழித்தால், எஞ்சுவது 900 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்றால், படகோட்டி உட்படப் பன்னிரண்டு பேர்.

அந்த இளைஞரின் படகும் ஏறத்தாழ இதே அளவினதுதான். அவர் அளித்திருந்த திட்ட அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நடை ஒன்றுக்கு இருபது பேர், நாளொன்றுக்கு நான்கு நடை என்று வருவாய் கணக்கிடப்பட்டிருந்தது. கடனையும் வட்டியையும் திருப்பிச் செலுத்தும் திறனைக் காட்டும் விகிதம் மிக அழகாக இருந்தது. அந்த அழகில் நானும் மயங்கிப் பரிந்துரைக் குறிப்பைப் பாதி எழுதியிருந்தேன். பன்னிரண்டு பேரைத் தாங்கும் படகில் இருபது பேரை ஏற்றினால் மட்டுமே அந்த விகிதம் நிற்கும் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

எஞ்சினைப் பற்றிய முதல் உண்மை இதுவே: குதிரைத்திறன் படகை நகர்த்தும், மிதக்க வைக்காது. 40-ஐ 115 ஆக்கினாலும் ஏற்றத்தக்க ஆள் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது, மாறாக, குறையும். 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் சுமார் 100 கிலோ எடையுள்ளது. 115 குதிரைத்திறன் கொண்டது சுமார் 170 கிலோ. அதிகப்படியான அந்த எழுபது கிலோ ஏறத்தாழ ஒரு பயணியின் எடை. அதுவும் படகின் பின்முனையில் தொங்கும் எடை.

வேகத்தின் விலை

நீரைக் கிழித்துச் செல்லும் எந்தப் படகுக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற இயல்பான வேகம் ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால், அவ்வேகம் நாட் அளவில் கிடைக்கும். ஏழு மீட்டர் படகுக்கு அது ஏறத்தாழ 6.4 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். பான்டூன் குழாய்கள் ஒடுக்கமானவை என்பதால் இவ்விதி அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் வழிகாட்டியாகப் போதுமானது.

இந்த எல்லைக்குள் கூட வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியை ஒட்டி உயரும். வேகத்தை ஒன்றரை மடங்காக்க மூன்று மடங்குக்கும் மேலான திறன் வேண்டும்; இரு மடங்காக்க எட்டு மடங்கு வேண்டும். கூட்டு வட்டியின் இயல்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

எரிபொருளைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் இயங்கும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் வரை குடிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 40 குதிரைத்திறனுக்கு மணிக்கு 14 முதல் 16 லிட்டர். 115-க்கு 40 முதல் 46 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பெரிய எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டும் ஒவ்வொரு மணிநேரமும் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கரையும். நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கு ஒருவரை இழுத்துச் செல்ல அந்த வேகம் வேண்டும். பறவைகளையும் கரையோரக் காட்டையும் காண வந்தவர்களுக்கு அது எதற்கு?

வைக்கம் தரும் பாடம்

இதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே நல்ல சான்று உள்ளது. பெரியாரின் போராட்டத்தால் நாம் நன்கறிந்த வைக்கத்திலிருந்து, வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்லும் 'ஆதித்யா' என்னும் படகு, 2017 ஜனவரியில் இயங்கத் தொடங்கிற்று. கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டியது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இயக்குகிறது. 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல்லால் இன்று உலகெங்கும் அழைக்கப்படும் இரட்டை உடல் அமைப்பைக் கொண்டது. கூரையில் சூரிய மின்தகடுகள். உள்ளே 75 பயணிகள்.

இதனை இயக்குபவை, ஒவ்வொன்றும் 20 கிலோவாட் திறன் கொண்ட இரண்டு மின்மோட்டார்கள். இரண்டும் சேர்ந்து 40 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் ஏறத்தாழ 54. எழுபத்தைந்து பேரைச் சுமக்க 54 குதிரைகள் போதும் என்றால், பன்னிரண்டு பேருக்கு 115 குதிரைகள் ஏன்?

விடை வேகத்தில் உள்ளது. ஆதித்யாவின் உச்ச வேகம் 7.5 நாட், வழக்கமாகச் செல்வது 5.5 நாட். மும்மடி விதிப்படி கணக்கிட்டால், வழக்கமான வேகத்துக்கு அது முழுத் திறனில் ஐந்தில் இரண்டு பங்கையே, அதாவது 16 கிலோவாட்டையே, செலவிட வேண்டும். இரண்டு நாட் வேகத்தை விட்டுக்கொடுத்ததால் ஐந்தில் மூன்று பங்குத் திறன் மிச்சமாகிறது. படகைக் கட்டியவர்கள் முதலில் சுமையையும் தொலைவையும் நேரத்தையும் முடிவு செய்து, அதற்கேற்ற மோட்டாரைத் தேர்ந்தார்கள். மோட்டாரை வாங்கிவிட்டுப் பணியைத் தேடவில்லை.

பெங்களூர்வாசிகள் எண்ணிப் பார்க்க இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுக் குழாய்களில் வருவது பெரும்பாலும் காவிரி நீர். பழைய இரண்டு வீச்சு எஞ்சின்கள் எரிபொருளின் கணிசமான பங்கை எரிக்காமலே நீரில் கக்குபவை. குடிநீராகும் நீர்த்தேக்கத்தில் ஓடும் படகுக்கு நான்கு வீச்சு எஞ்சினோ, இயலுமாயின் மின்மோட்டாரோதான் தகும்.

மிகச் சிறியதும் ஆகாது

அப்படியானால் தந்தையார் சொன்னது போல, விலை குறைந்ததே நல்லது என்று கொள்ளலாமா? அதுவும் பிழையே. பான்டூன் படகின் தளமும் கைப்பிடிகளும் கூரையும் காற்றைத் தடுத்து நிற்பவை. காற்றின் வேகம் இரட்டித்தால், அது படகின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அகன்ற நீர்த்தேக்கத்தின் நடுவே திடீரென எதிர்க்காற்று எழுந்தால், திறன் போதாத படகு கரை திரும்பத் தடுமாறும். மேலும், எப்போதும் முழு வேகத்தில் இயக்கப்படும் சிறிய எஞ்சின் விரைவில் தேயும், இரைச்சலும் மிகும். நிறைந்த சுமையோடு வழக்கமான வேகத்தில் செல்லும்போது எஞ்சினின் திறனில் கணிசமான பகுதி கையிருப்பாக நிற்க வேண்டும். குடும்ப வரவுசெலவில் அவசரகாலச் சேமிப்பு எப்படியோ, படகில் அந்தக் கையிருப்பும் அப்படியே.

எங்கள் வாடிக்கையாளரின் படகுக்கு, மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவும், காற்றில் பாதுகாப்பாகத் திரும்பவும் 40 குதிரைத்திறன் தாராளமாகப் போதும் என்று படகுத் துறையறிந்த பொறியாளர் உறுதி செய்தார்.

கடன் கணக்கில் எஞ்சின்

எஞ்சின்களின் விலை வேறுபாடு ஐந்து இலட்சம் ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். பத்து சதவீத வட்டியில், ஐந்தாண்டுகளில் அதைத் திருப்பிச் செலுத்த மாதத் தவணை சுமார் ரூ.10,624. படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும், மழைக்காலத்தில் கரையில் கட்டிக் கிடந்தாலும், அத்தவணை வந்துகொண்டே இருக்கும். பயன்படுத்தாத குதிரைகளுக்குத் தீனி போடுவது என்பது இதுதான்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. நீர்த்தேக்கத்தை நிருவகிக்கும் துறையின் எழுத்துவழி அனுமதி இருக்கிறதா? கர்நாடகத்தின் காவிரிப் படுகை அணைகள் பலவற்றுக்குக் காவிரி நீராவரி நிகமமே பொறுப்பு. காட்டை ஒட்டிய இடமாயின் வனத்துறையும் உண்டு.

2. உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, நூறாண்டு பழமையான 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. ஆய்வுச் சான்று, பதிவுச் சான்று, காப்பீடு ஆகிய மூன்றும் ஆயத்தமாகும் வரை படகு கரையை விட்டு நகரக் கூடாது.

3. படகு கட்டியவர் அனுமதிக்கும் அதிகபட்சக் குதிரைத்திறன், ஆள் எண்ணிக்கை, எடை ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். அவ்வரம்பை மீறினால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை கேள்விக்குறியாகும்.

4. முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், முழுச் சுமையோடு வெள்ளோட்டம் பாருங்கள். முழு விசையில் எஞ்சினின் சுழற்சி, தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்பை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எஞ்சின் சிறியது, அல்லது புரொப்பெல்லர் பொருந்தவில்லை. பெரும்பாலும் பின்னதே காரணமாயிருக்கும். புரொப்பெல்லரை மாற்றுவது எஞ்சினை மாற்றுவதைவிடப் பன்மடங்கு மலிவு.

5. ஆள் ஒன்றுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை. கூரையை மேல்தளமாக்கி எவரையும் ஏற்றாதீர்கள்.

கடைசிக் குறிப்பு வெறும் சடங்கன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். எத்தகைய எஞ்சினும் அவர்களைக் காத்திருக்க முடியாது.

அளவறிதல்

திட்ட அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது இளைஞரின் முகம் வாடியது உண்மை. இருபதுக்குப் பதில் பன்னிரண்டு என்றால் வருவாயில் நாற்பது சதவீதம் போய்விடுமே! ஒரு வாரம் கழித்துப் புதிய அறிக்கையோடு வந்தார். படகோட்டி நீங்கலாக நடை ஒன்றுக்குப் பதினொருவர். நான்கு நடைகளுக்குப் பதில் ஆறு நடைகள். 40 குதிரைத்திறன் எஞ்சின். திருப்பிச் செலுத்தும் விகிதம் முன்னைப்போல் அழகாக இல்லை. ஆனால் மெய்யாக இருந்தது. கடன் தொகையும் குறைந்தது. பரிந்துரையில் தயக்கமின்றிக் கையெழுத்திட்டேன்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று எச்சரிக்கிறது. வண்டிக்குச் சொன்னது படகுக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும்.

அண்மையில் ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு அவ்விடுதிக்குச் சென்றிருந்தேன். படகின் பக்கவாட்டில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் '12 பேர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நாங்கள் சென்றபோது பதினொரு பயணிகள் ஏற்கெனவே ஏறியிருந்தனர். "மன்னிக்க வேண்டும் சார், அடுத்த நடையில் வாருங்கள்" என்றார் இளைஞர். கடன் கொடுத்த அதிகாரி என்பதற்காக அவர் விதியைத் தளர்த்தவில்லை. கரையில் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு நிறைவாகவே இருந்தது.