திரைப்படச் சண்டைக் கலை: ஒரு வரலாற்று நோக்கு

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் நாடகம் உடலால் இயங்குவது. அந்நாடகத்தின் வழித்தோன்றலாகிய திரைப்படத்தில், உடலையே முதலாகவும் உயிரையே பணயமாகவும் வைத்துத் தொழில் புரிவோர் சண்டைக் கலைஞர். திரையில் வெல்லும் நடிகரின் முகத்தை நாம் அறிவோம். அவருக்காக மாடியிலிருந்து குதித்தவரின் முகத்தை அறியோம். அறியப்படாத அக்கலைஞரின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்களமும் கூத்துக்களமும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூர் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடுகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. ஒன்று, பெருவளநல்லூரில் அவன் சாளுக்கியரை வென்ற போர் பற்றிய வருணனை. மற்றொன்று, அவ்வூர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு அளிக்கப்பட்ட நிவந்தம். போரைச் சொல்லால் கேட்கும் மரபு இம்மண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

காதால் கேட்ட பாரதப் போரைக் கண்ணால் காணச் செய்தது தெருக்கூத்து. காஞ்சிபுர வட்டாரத்தில் இன்றும் பாரதக் கூத்தின் இறுதியில் படுகளம் நிகழ்கிறது. மண்ணால் சமைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் பொருவதை ஊரே கூடி நின்று காண்கிறது. தென்னகத்தின் முதல் ஊமைப்படமாக ஆர். நடராச முதலியார் சென்னையில் எடுத்த படமும் பாரதக் கிளைக்கதையாகிய ‘கீசக வதம்’ என்பது ஈண்டு கருதத்தக்கது. மற்போரே முடிவாக அமைந்த கதை நம் திரைக்கலைக்குத் தொடக்கமாயிற்று.

ஊமைப்படக் காலம்

உரையாடல் இல்லாத படத்தில் உடலே மொழி. ஆதலின் உடல்வலிமை உடையோர்க்கு அன்று பெருமதிப்பு இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து பம்பாய் சென்று ஊமைப்படங்களில் புகழ்பெற்ற பி.கே. இராஜா சாண்டோ, உலகப் புகழ்பெற்ற உடற்பயிற்சி வல்லுநர் சாண்டோவின் பெயரையே தம் பெயரோடு கொண்டார். பின்னர் 1935இல் ‘மேனகா’ படத்தை இயக்கித் தமிழ்ச் சமூகப் படங்களுக்கும் வழிகாட்டினார். அதே 1935இல் பம்பாயில் வெளிவந்த ‘ஹண்டர்வாலி’ படத்தில், ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா சாட்டை ஏந்திக் குதிரையேறி ஆடவரை வீழ்த்தினார். சண்டைக் காட்சி ஆடவர்க்கே உரியது என்னும் கருத்தை அப்படம் உடைத்தது.

அமெரிக்காவில் குதிரையேற்ற வீரராக இருந்து திரைத்துறைக்கு வந்த யகிமா கனட், 1939இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஓடும் குதிரைகளுக்கு இடையே விழுந்து, வண்டி தம்மேல் கடந்து செல்லக் கிடந்தார். விழுவதற்கும் ஒரு முறை உண்டு, அதற்குப் பாதுகாப்புக் கருவிகள் வேண்டும் என்பதைத் தொழிலாக வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

வாளும் சிலம்பமும்

1948இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் அளித்த ‘சந்திரலேகா’ தமிழ்ச் சண்டைக் காட்சிக்கு ஓர் எல்லைக்கல். முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் வெளிப்படும் காட்சியும், அதனைத் தொடர்ந்து ரஞ்சனும் எம்.கே. ராதாவும் புரியும் நெடிய வாட்போரும் இன்றளவும் பேசப்படுகின்றன. பின்னர் எம்.ஜி.ஆர். ‘மந்திரி குமாரி’, ‘மர்மயோகி’, ‘நாடோடி மன்னன்’ முதலிய படங்களில் வாட்போரையும், ‘பெரிய இடத்துப் பெண்’ போன்ற படங்களில் சிலம்பத்தையும் மக்கள் விரும்பும் கலைகளாக்கினார். 1959இல் சீர்காழியில் நடந்த நாடகத்தில் சண்டைக் காட்சியின்போது அவருடைய கால் முறிந்தது. நாயகருக்கும் இக்கலை எளிதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

குடியாத்தத்திலிருந்து வந்த ஜூடோ கே.கே. இரத்தினம், வாளும் கம்பும் ஆண்ட இடத்தில் ஜூடோ போன்ற கீழைநாட்டு மற்கலைகளைப் புகுத்தினார். 1980இல் வெளிவந்த ‘முரட்டுக் காளை’யின் தொடர்வண்டிச் சண்டை அவர் அமைத்ததே. 1,200க்கும் மேற்பட்ட படங்களில் பணியாற்றியவராகப் போற்றப்பட்ட அவர் 2023 சனவரியில் மறைந்தார். அவர்பால் பயின்றோர் பலர் பின்னாளில் சண்டைப் பயிற்சியாளராகத் திகழ்ந்தனர். குரு மாணவர் மரபு குன்றாது நிலவும் துறைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

காட்சி உருவாகும் முறை

திரையில் காணும் அடி உண்மையில் படுவதன்று. ஓங்கிய கை முகத்துக்குச் சற்று விலகியே செல்கிறது. அவ்விடைவெளி தெரியாதவாறு ஒளிப்படக் கருவி வைக்கப்படுகிறது. அடிபட்டவர் உரிய நொடியில் தலையைத் திருப்புகிறார். ஓசை பின்னர்ச் சேர்க்கப்படுகிறது. ஆகவே அடிப்பவரினும் அடிபடுபவரே காட்சிக்கு உயிர் தருகிறார். உயரத்திலிருந்து விழுவோர்க்குக் கீழே அட்டைப் பெட்டிகளும் மெத்தைகளும் அடுக்கப்படுகின்றன. இடுப்பில் கட்டும் கம்பியைப் பிற்காலத்தில் கணினி மறைத்துவிடுகிறது. ஆயினும் கணினி கம்பியைத்தான் மறைக்கும், எலும்பைக் காக்காது.

உயிரின் விலை

2016 நவம்பரில் பெங்களூரு அருகே ஒரு கன்னடப் படப்பிடிப்பில், ஹெலிகாப்டரிலிருந்து ஏரியில் குதித்த இருவர் மூழ்கி இறந்தனர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் ஈடுபட்ட சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிர்நீத்தார். அவர் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்தவர் என்பது நம்மை மேலும் வருத்துகிறது. நெய்தவர் பெயர் பட்டுச் சேலையில் இராது; விழுந்தவர் முகம் திரையில் இராது. எனினும் தறியில் கை தவறினால் இழை அறும். இங்குக் கணிப்புத் தவறினால் ஒரு குடும்பத்தின் வாழ்வே அறுந்துபோகிறது.

மதிப்பும் காலந்தாழ்ந்தே வந்தது. சிறந்த சண்டை அமைப்புக்கான தேசிய விருது 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முறையாக வழங்கப்பட்டது. ‘புலிமுருகன்’ என்னும் மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதனைப் பெற்றார். ஆஸ்கர் அமைப்போ, 2027இல் வெளிவரும் படங்களிலிருந்தே இத்துறைக்கு விருது வழங்குவதாக 2025இல் அறிவித்தது.

நிறைவாக

விருது பயிற்சியாளரைச் சென்று சேரும். பெயரறியாத கலைஞருக்கு வேண்டுவன காப்பீடும், களத்தில் மருத்துவ ஊர்தியும், ‘இது கூடாது’ என்று மறுக்கும் உரிமையுமே ஆகும். கூத்தையும் நாடகத்தையும் ஆராயும் நம் மாணவர்கள், முதிய சண்டைக் கலைஞர்களை நேரில் கண்டு அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தல் வேண்டும். செப்பேட்டில் பொறித்ததால் பெருவளநல்லூர்ப் போர் நிலைத்தது. எழுதி வைப்பார் இருப்பின் இவர்தம் வீரமும் நிலைக்கும்.