ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் 'பேக்-அப்' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஃபைல்களை நகல் எடுத்துப் பத்திரமாக வைப்பது அது. இங்கே நாம் பார்க்கப்போவது வேறொரு பேக்-அப். நீளமான ட்ரெய்லர் லாரியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்துவது! கம்ப்யூட்டர் இதழில் லாரிக்கு என்ன வேலை என்கிறீர்களா? கம்ப்யூட்டர் 'தானே கற்றுக்கொள்கிறது' என்கிறார்களே, அது எப்படி என்று எனக்குப் புரிந்தது இந்த லாரியால்தான்.

விளையாட்டில் பட்ட பாடு

செக் நாட்டின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற விளையாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்தேன். சரக்கை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதில் சிரமமே இல்லை. சேர்ந்த இடத்தில் ட்ரெய்லரைக் கட்டத்துக்குள் ரிவர்ஸில் நிறுத்த வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகிறது. சரிசெய்யப் பார்த்தால், மடக்குக்கத்தி மாதிரி லாரியும் ட்ரெய்லரும் மடங்கி நிற்கின்றன. நிஜ லாரி என்றால் ட்ரெய்லர் முனை லாரியின் கேபினில் இடித்திருக்கும். பின்னால் ஆள் நின்றிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது?

முன்னோக்கி ஓட்டும்போது லாரி ட்ரெய்லரை இழுக்கிறது. இழுக்கப்படும் பொருள் தானாகவே நேராகிவிடும். ரிவர்ஸில் லாரி தள்ளுகிறது. தள்ளும்போது சிறிய கோணல்கூட நொடிக்கு நொடி பெரிதாகும். உள்ளங்கையில் குச்சியை நிற்க வைப்பது போன்ற வேலை இது.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி ரிவர்ஸில் வந்தால் லாரியின் பின்பகுதி இடப்பக்கம் போகும். அது ட்ரெய்லரின் முன்முனையையும் இடப்பக்கம் தள்ளும். அதனால் ட்ரெய்லரின் பின்முனை வலப்பக்கம் திரும்பும். இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் பின்முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அது திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, லாரியை ட்ரெய்லரின் போக்கிலேயே கொண்டுவர வேண்டும். தாமதித்தால் மடங்கிவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனை

இதே வேலையை ஒரு புரோகிராமுக்குக் கற்றுத்தர முடியுமா என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ ஆகிய இருவரும் முயன்றார்கள். 1989-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். விட்ரோ இத்துறையில் மூத்தவர். 1960-ல் அவரோடு சேர்ந்து ஒரு கற்றல் முறையை வெளியிட்ட மாணவர் டெட் ஹாஃப், பின்னாளில் இன்டெல்லின் முதல் மைக்ரோபிராசசரான 4004-ஐ (1971) உருவாக்கியவர்களில் ஒருவர்.

சோதனையில் நிஜ லாரி கிடையாது. கம்ப்யூட்டருக்குள் ஒரு மாதிரி லாரி. அது பின்னோக்கி மட்டுமே நகரும். தப்பு செய்தால் முன்னே போய்ச் சரிசெய்துகொள்ள முடியாது. லாரி, ட்ரெய்லர் இரண்டின் கோணமும் ட்ரெய்லரின் பின்முனை இருக்கும் இடமும் புரோகிராமுக்குத் தரப்படும். ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புவது என்று அது சொல்ல வேண்டும்.

'கோணம் இவ்வளவு இருந்தால் இப்படித் திருப்பு' என்று யாரும் எழுதித்தரவில்லை. தப்பிலிருந்துதான் அது கற்க வேண்டும். ஆனால் தப்பு கடைசியில்தான் தெரிகிறது! ட்ரெய்லர் போய்ச் சேர்ந்த இடம் கோணலாக இருந்தால், அதற்கு எந்த நகர்வைக் குறை சொல்வது?

இதற்கு அவர்கள் இரண்டு நியூரல் நெட்வொர்க்குகளை வைத்தார்கள். நியூரல் நெட்வொர்க் என்பது, உள்ளே இருக்கும் ஏராளமான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கற்றுக்கொள்ளும் புரோகிராம். முதலாவது நெட்வொர்க் லாரியின் இயல்பைக் கற்றது. அதாவது, 'இப்படித் திருப்பினால் அடுத்து லாரி எங்கே இருக்கும்' என்று முன்கூட்டியே சொல்லப் பழகியது. இரண்டாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் டிரைவர். கடைசியில் தெரிந்த தப்பை முதலாவதின் வழியாகப் படிப்படியாகப் பின்னோக்கிக் கொண்டுபோய், ஒவ்வொரு நகர்விலும் டிரைவர் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். தப்பைப் பின்னோக்கி அனுப்பும் இந்த முறைக்கு 'பேக்-ப்ராபகேஷன்' என்று பெயர். இன்று போட்டோவில் முகத்தை அடையாளம் காணும் புரோகிராம்களைப் பழக்குவதும் இதே முறையில்தான்.

பாடம் நடத்திய விதம்

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. முதல் பாடத்தில் லாரியைச் சேரவேண்டிய இடத்துக்கு மிக அருகில், ட்ரெய்லர் அதை நோக்கி இருக்குமாறு நிறுத்தினார்கள். அது பழகிய பிறகு தூரத்தையும் கோணத்தையும் கூட்டிக்கொண்டே போனார்கள். பழகி முடித்ததும், பயிற்சியில் பார்த்தே இராத நிலைகளில் தொடங்கியும் அது சரியாகக் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் செய்தது நேர் எதிர். முதல் நாளே கஷ்டமான மூலையிலிருந்து தொடங்கிவிட்டேன். பிறகு அவர்களுடைய வழியையே பின்பற்றினேன். நீங்களும் செய்து பாருங்கள்:

1. கட்டத்துக்கு நேர் எதிரே, ஒரு ட்ரெய்லர் நீளத் தூரத்தில் நிறுத்தி, நேராக மட்டும் ரிவர்ஸ் எடுங்கள்.

2. ட்ரெய்லரைக் கழற்றிவிடாமல் முன்னே வந்து மறுபடி செய்யுங்கள். கழற்றும்வரை எத்தனை முறையும் முயலலாம்.

3. பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். கோணத்தைக் கடைசியில் சேருங்கள்.

4. ஸ்டியரிங் கீயை அழுத்திப் பிடிக்காமல் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும்.

5. கோணல் கைமீறினால் போராடாதீர்கள். முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். அந்தப் புரோகிராமுக்குக் கிடைக்காத வசதி இது.

ஒரு வாரத்தில் எனக்கு ட்ரெய்லர் கட்டத்துக்குள் வந்துவிட்டது. இதனால் நிஜ லாரி ஓட்டத் தெரிந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. அதற்கு அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் இருந்து கற்றுத்தர வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் எத்தனை முறை மடங்கினாலும் யாருக்கும் அடிபடாது. தப்பு செய்ய அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை.