குப்பையில் போட்ட பால் கவர் எங்கே போகிறது?

தாராவியில் மறுபிறவி எடுக்கும் பிளாஸ்டிக்

காலையில் பால் கவரைக் கிழிக்கிறோம். மாலையில் அதைக் குப்பையோடு குப்பையாகப் போட்டு விடுகிறோம். அதற்குப் பிறகு அந்தக் கவர் எங்கே போகிறது? தெரிந்து கொள்ள மும்பைத் தமிழர்கள் வெகு தூரம் அலைய வேண்டாம். தாராவிக்குப் போனால் போதும்.

சயான்-மாகிம் இணைப்புச் சாலையை ஒட்டி இருக்கிறது 13-ஆம் காம்பவுண்டு. சந்து முழுவதும் சாக்கு மூட்டைகள். உடைந்த வாளி, கால் போன நாற்காலி, எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில், பொம்மை எல்லாம் நகரத்தின் பல பகுதிகளில் இருந்து பங்கார் வியாபாரிகள் மூலம் இங்கே வந்து சேருகின்றன.

தண்ணீர் சொல்லும் தீர்ப்பு

முதல் வேலை, ரகம் பிரிப்பது. பெயர் ஒன்றுதான், ரகமோ பல. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்'. 2 கெட்டியான கேன். 4 பால் கவர். 5 சாப்பாட்டு டப்பா.

எண் அழிந்து போயிருந்தால்? துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம். பாலிதீன் மிதக்கும். 'பெட்', பி.வி.சி. இரண்டும் மூழ்கும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். பாலிதீன் என்றால் மெழுகுவர்த்தி வாடை. பி.வி.சி. என்றால் மூக்கை அரிக்கும் ஆசிட் நெடி. உழைப்பவரின் நுரையீரலுக்குக் கேடு செய்யும் நெடி அது.

பிரித்ததை இயந்திரத்தில் நொறுக்கி, கழுவி, கூரை மேல் காய வைக்கிறார்கள். பிறகு உருக்கி, இடியாப்பம் போலக் கம்பி கம்பியாகப் பிழிந்து, குளிர வைத்துச் சிறு மணிகளாக நறுக்குகிறார்கள். இதற்குப் பெயர் 'தானா'. இதுதான் மீண்டும் வாளியாகவும் குழாயாகவும் வருகிறது.

ஆனால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் பலம் குறைகிறது. பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து உருக்குவது கடினம். அதனால் வாங்க ஆள் இல்லை. அது சாக்கடைக்கும் குப்பை மேட்டுக்கும்தான் போகிறது.

ரயில் ஏன் நிற்கிறது?

2005 ஜூலை 26-ஐ மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை. ரயில்கள் நின்றன. சாக்கடைகளை அடைத்த பிளாஸ்டிக் பைகளும் வெள்ளம் வடியாததற்கு ஒரு காரணம் என்று பேசப்பட்டது. இன்றும் பெருமழையில் சயானிலும் குர்லாவிலும் தண்டவாளம் மூழ்கினால் நம் ஆபீஸ் வேலையும் நாள் கூலியும் போகின்றன. ஜன்னல் வழியே நாம் வீசும் கவர், தண்டவாளம் ஓரத்துச் சாக்கடையில்தான் போய் விழுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மராட்டிய அரசு 2018-ல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஸ்ட்ரா, தட்டு, கப் போன்ற பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. ஆனாலும் காய்கறிக் கடையில் மெல்லிய பை கிடைக்கத்தான் செய்கிறது.

தொழிலாளி கதி என்ன?

கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிறது. உடனே 'தானா' விலையும் இறங்குகிறது. அடி விழுவது, குப்பை பொறுக்கும் பெண்ணின் கூலியில். தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. புகையும் கழிவு நீரும் வரும் இந்தத் தொழிலுக்குப் புதிய தாராவியில் இடம் உண்டா என்பதே இவர்களுடைய பெரிய கவலை. நகரத்தின் குப்பையைக் குறைப்பவர்களுக்குக் கையுறையும், காற்றோட்டமுள்ள இடமும், நிலையான பிழைப்பும் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

நம்மால் ஆவது சிறிதுதான். சாம்பார் ஒட்டிய கவருக்கு விலை இல்லை. கழுவிக் காய வைத்த கவருக்கு விலை உண்டு. ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு என்று இரண்டு கூடை வையுங்கள். கடைக்குப் போகும்போது ஊரில் இருந்து கொண்டு வந்த மஞ்சள் பையைக் கையில் எடுங்கள். வாங்காத பிளாஸ்டிக்கை யாரும் உருக்க வேண்டியதில்லை. அந்தப் புகையை யாரும் சுவாசிக்க வேண்டியதும் இல்லை.