பழகாத வாசிப்பு: யாருக்கு?

"இது நமக்கு ஒத்து வராது" என்று ஒரு புத்தகத்தை மூடி வைக்கிறோமே, அந்த 'நமக்கு' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்?

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'வை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் புனைவில் பேச்சுமொழி புதுசு இல்லை. ஆனால் பெரும்பாலும் அது பாத்திரங்களின் வாயோடு நின்றுபோனது. கதைசொல்லி எழுத்துமொழியில், கொஞ்சம் எட்ட நின்றுகொண்டார். 'கருக்கு'வில் சொல்பவரே தன் தெருவின் பேச்சில்தான் பேசுகிறார். எட்ட நின்று பார்க்கிற சௌகரியம் வாசகருக்குப் பறிபோகிறது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி சிலர் முகம் சுளிக்கிறார்கள், 'கொச்சை' என்கிறார்கள். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் பழக்கிவிட்ட 'நல்ல தமிழ்' என்கிற அளவுகோலிலிருந்து வருகிற சுளிப்பு இது. அந்த அளவுகோலுக்குச் சாதி உண்டு என்பது இங்கேதான் பிடிபடுகிறது.

'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு, வாசிச்சாச்சு என்று நிம்மதியடைவதும் பழைய சௌகரியம்தான்.

அந்தத் தெருவிலிருந்து வருகிற பிள்ளைக்கு 'கருக்கு' வீட்டுப் பேச்சு. அதற்குப் பழகாத வாசிப்பு ஒண்ணாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே தொடங்கிவிடுகிறது. மூடி வைக்கிற உரிமை அதற்கு இல்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே, தடுக்கிய வரியைத் தாண்டிப் போகாமல், ஏன் தடுக்கியது என்று அங்கேயே நின்று கேட்போம்.