சிறுநீரகமும் வளரும் வயதும்

கூடுவாஞ்சேரியில் இரண்டாம் வகுப்பு பயிலும் சிறுவன் ஒருவனின் இரத்தப் பரிசோதனை அறிக்கை அவன் தந்தையின் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். ‘கிரியாட்டினின் 1.0’ என்று அதில் குறிக்கப்பட்டுள்ளது. அருகில் அச்சிடப்பட்டுள்ள இயல்பளவு 0.7 முதல் 1.3 வரை. எல்லாம் நலமே எனத் தந்தை மகிழக்கூடும். ஆனால், அவ்வியல்பளவு வயதுவந்த ஆண்களுக்குரியது. சிறுவனுக்கு அதே எண் ஓர் எச்சரிக்கையாகும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை இரத்தத்தை வடிகட்டிக் கழிவுகளைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வடிகட்டும் திறன் குறைந்தால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். அவற்றுள் ஒன்று தசைகளிலிருந்து தோன்றும் கிரியாட்டினின். தசை குறைவாக உள்ள குழந்தையின் உடலில் அது இயல்பாகவே குறைவு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பள்ளிச் சிறுவர்க்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.7 மில்லிகிராம் வரையும், வளரிளம் பருவத்தினர்க்கு 0.5 முதல் 1.0 மில்லிகிராம் வரையும் இருக்கலாம். யூரியாவும் ஓர் அளவுகோலே. எனினும், மிகுதியான புரத உணவாலும் நீரிழப்பாலும் அது உயரும்.

எனவே, மருத்துவர்கள் குழந்தையின் உயரத்தையும் கணக்கில் கொள்கின்றனர். சென்டிமீட்டரில் அளந்த உயரத்தை 0.413ஆல் பெருக்கிக் கிரியாட்டினின் அளவால் வகுக்கின்றனர். ஜார்ஜ் சுவார்ட்ஸ் 1976இல் உருவாக்கிய வாய்பாடு, 2009இல் இவ்வெளிய வடிவம் பெற்றது. சிறுவனின் உயரம் 120 செ.மீ. எனில், கிரியாட்டினின் 0.5 ஆகும்போது விடை ஏறத்தாழ 99, 1.0 ஆகும்போது 50. தொண்ணூறும் அதற்கு மேலும் இயல்பு எனக் கருதப்படுவதால், அச்சிறுவனின் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கலாம்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களில் உழவர்களிடையே காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. அந்நோய் இளமையிலேயே வேரூன்றுகிறதா என்பதை அறிய, ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களையும் பரிசோதித்தனர். குழந்தைகளுக்குரிய இயல்பளவு தெளிவாக இருந்தால்தான் இத்தகைய ஆய்வு பயன் தரும்.

சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. திறன் பாதியளவு குறைந்த பின்னரே கிரியாட்டினின் உயர்வு புலப்படுவதும் உண்டு. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா எனப் பார்ப்பது நோயை முன்னரே காட்டக்கூடும். ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், வயது, உயரம், உணவு ஆகியவற்றோடு பொருத்தி மருத்துவர் ஆராய வேண்டும். அறிக்கையைக் கையில் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, “இந்த இயல்பளவு எந்த வயதினர்க்கு உரியது?” என்பதே.